பண்ணைக் கல்யாணம்

என் மகனுக்குக் கல்யாணம் நடக்கப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டு வரத்தான் நான் சிங்கப்பூர் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். படிப்பு பத்தாவது. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. விமானத்தில் பெல்ட் மாட்டத் தெரியாமல் தவித்தபோது பக்கத்தில் இருந்த பெண் மாட்டிவிட்டார். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு சிங்கப்பூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தேன்.

மகன் அறிவழகன் அங்கே கப்பல் பட்டறைக் கம்பெனியில் என்ஜினியர். அவனாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஷர்மிளா அங்கேயே பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் இறந்து வெகு காலம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் பெரியவர் என்று சொல்ல என் அண்ணன் ஒருவர்தான். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு முதல் மாலை தாய்மாமன் போட வேண்டும். அதற்கப்புறம்தான் மணவறை. அண்ணன் பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வைத்திருந்தார்.

செங்காங் என்ற பகுதியில் சம்பந்தி வீட்டில்தான் தங்கினேன். பதினாலாவது மாடி. அவ்வளவு உயரத்தில் துணி காயப் போட்டிருப்பதைக் கீழே இருந்தே பார்த்தேன். மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். கொடி பிடித்தது போல வரிசையாகச் சட்டைகள். வீட்டுக்குள் சத்தமே இல்லை. ஊரில் எந்த வீட்டிலும் அடுத்த வீட்டுச் சண்டை கேட்கும். இங்கே அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை.

சம்பந்தியம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க அண்ணி. பிளைட்ல சாப்பாடு குடுத்தாங்களா? குடுத்திருப்பாங்க, தின்ன முடிஞ்சிருக்காது” என்றார். மீன் குழம்பு வைத்திருந்தார். எங்கள் ஊர்க் குழம்பின் நிறம்தான், ருசி வேறு. ஏதோ ஒரு இலையும் காய்ந்த புளியங்காய் மாதிரி ஒன்றும் போட்டிருந்தார். நல்லாத்தான் இருந்தது. என்னவென்று கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஷர்மிளா கைக்கணினியை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகை. வைக்கோல் நிறத்தில் பின்னணி, ஓரத்தில் ஒரு வண்டிச்சக்கரம், நடுவில் பெரிய எழுத்து: ‘பண்ணையில் ஒரு திருமணம்’.

“ஃபார்முக்குத் தமிழ்ல பண்ணைதானே அத்தை? என் பழைய தமிழ் டீச்சர்கிட்ட கேட்டு கன்ஃபர்ம் பண்ணிட்டேன். நைஸா இருக்குல்ல?”

“நல்லா இருக்கும்மா” என்றேன்.

அவளுக்கு ஓட்டல் மண்டபம் பிடிக்கவில்லையாம். அவள் தோழிகள் எல்லாரும் ஓட்டலில்தான் செய்தார்களாம். கிராஞ்சி என்ற பக்கத்தில், ஊரின் வடக்கு மூலையில், இன்னும் கொஞ்சம் பண்ணைகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பிடித்திருக்கிறோம் என்றாள். சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்தது. அறிவு பத்திரிகையின் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போனில் அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. நான் படுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

“என்னா வள்ளி, பண்ணைங்கிறான் உம் மவன்?”

“தோப்பு மாதிரி ஒரு இடம்ணே. இங்க அப்படிச் சொல்றாங்க.”

“எங்க சொன்னாலும் பண்ணை பண்ணைதான். நான் வரல.”

“அண்ணே…”

“அப்பாவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சது யாரு? பண்ணை. தாலி எடுத்துக் குடுத்தது யாரு? பண்ணை. அதுக்கப்புறம் சாவுற மட்டும் அவரு யாருக்கு ஆளா இருந்தாரு?”

கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.

“பொண்ணு வீட்டுச் செலவுல பண்ணையில கல்யாணம். அப்ப உம் மவன் யாருக்கு ஆளு புள்ள? கேட்டுச் சொல்லு.” போனை வைத்துவிட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பண்ணை என்றால் எங்களுக்கு மிராசுதார். எங்கள் அப்பா பண்ணையாள். எங்கள் தெருவில் எல்லாருமே அப்படித்தான். பையன் வயசுக்கு வந்தால் பண்ணை அவனுக்குக் களத்துமேட்டில் கல்யாணம் செய்துவைக்கும். நெல்லும் வேட்டியும் தாலியும் பண்ணை கொடுக்கும். அன்றிலிருந்து அவனும், வந்தவளும், பிறக்கும் பிள்ளைகளும் பண்ணைக்கு ஆள். அண்ணன் சின்ன வயசில் பண்ணை மாடு மேய்த்தவர். நான் பிறக்கும்போது காலம் கொஞ்சம் மாறிவிட்டது. அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் காதால் கேட்டது. அண்ணனுக்கு முதுகால் தெரியும். அறிவிடம் இதையெல்லாம் நாங்கள் சொன்னதில்லை. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் எல்லாருமாகப் பண்ணைக்குப் போனோம். சம்பந்தி வாடகைக் காரை ஓட்டினார். நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போனது. பின்புறம் திறந்த லாரி. அதில் ஆட்கள் எதிரெதிராகக் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே நம் பக்கம் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் நடவுக்குப் பெண்களைக் குட்டியானை வேனில் ஏற்றிப்போவார்கள், அதுவும் இப்படித்தான். ஆனால் அவர்கள் பாட்டும் சத்தமுமாகப் போவார்கள்.

மரங்கள் நெருங்க ஆரம்பித்தன. கட்டடங்கள் குறைந்தன. சம்பந்தியம்மா, “பாத்தீங்களா அண்ணி, உங்க ஊர் மாதிரியே இருக்கு” என்றார். மழை வருகிற மாதிரி வானம் கறுத்து, காற்றே இல்லாமல் புழுங்கியது. எங்கள் ஊரில் அவ்வளவு பச்சை கிடையாது. பாதி நாள் பொட்டல்தான். அதைச் சொல்லவில்லை.

கல்யாண வேலைகளை எல்லாம் எடுத்துச் செய்யும் பெண் அங்கே காத்திருந்தாள். பெயர் யாமினி. கையில் அளவு நாடா, காதில் போன். தமிழும் ஆங்கிலமும் கலந்து மழை மாதிரி பேசினாள். தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

“ஆன்ட்டி, தீம் வந்து ரஸ்டிக், கிராமத்து ஸ்டைல். எல்லாமே ராவா இருக்கும். பிளாஸ்டிக் பூ நோ. சாட்டின் துணி நோ. சாக்குத்துணிதான் மேசைக்கு. மேல அரிக்கேன் விளக்கு தொங்கும். இங்க வைக்கோல் கட்டு, அது மேல விருந்தாளிங்க உக்காரலாம்.”

“வைக்கோல் இங்க கிடைக்குதா?” என்று நான் கேட்டேன். அன்றைக்கு அவளிடம் நானாகக் கேட்ட ஒரே கேள்வி அது.

“ஆஸ்திரேலியாலேர்ந்து வருது ஆன்ட்டி. கப்பல்ல.”

ஊரில் அறுப்பு முடிந்ததும் வைக்கோலை அள்ள ஆளில்லாமல் வயலிலேயே கொளுத்துகிறார்கள். இங்கே அது கப்பலில் வந்து இறங்குகிறது. தொட்டுப் பார்த்தேன். நம் வைக்கோலை விடத் தடியாக இருந்தது. வாசனை இல்லை.

சுவரில் அலங்காரத்துக்கு என்று நெல்லறுக்கும் கருக்கரிவாள்கள் மாட்டப்போவதாகப் படம் காட்டினாள். வாசலில் ஒரு மாட்டுவண்டி. மாட்டுக்கு அனுமதி இல்லையாம், வண்டி மட்டும் நிற்கும். அப்புறம் மாப்பிள்ளை வருகை.

“அறிவு, கேளுங்க. இதான் என் ஃபேவரிட். நீங்களும் உங்க பக்கத்து ஆம்பளைங்களும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, துண்டை இடுப்புல கட்டிட்டு, வரிசையா கைகட்டி நிப்பீங்க. ஃபார்மர் லுக். ஷர்மிளா மாடிப்படியிலேர்ந்து இறங்கி வருவாங்க. ஒரே ஷாட்.”

“சூப்பர் லா” என்றாள் ஷர்மிளா, இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு. அறிவு சிரித்தான். சம்பந்தியும் சிரித்தார்.

என் அண்ணன் தோளில் துண்டில்லாமல் வெளியே போய் நான் பார்த்ததில்லை. எவ்வளவு வெயிலடித்தாலும், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதுகூட, காக்கிச் சட்டை மேல் துண்டு. அதிகாரி ஒருமுறை எழுத்தில் விளக்கம் கேட்டார். அதற்கும் அசையவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக் கைகட்டி நிற்பது எங்கள் அப்பா நின்ற நிலை. பண்ணைக்கு முன்னால் வேறு மாதிரி நிற்க முடியாது. அந்த நிலையில் என் மகனைப் படம் எடுக்கப்போகிறார்கள். அவனுக்கே அது தெரியாது.

சாப்பாட்டு ருசி பார்க்கச் சொல்லி எங்களை மேசையில் உட்காரவைத்தார்கள். வாழையிலை மாதிரி வெட்டிய தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலது வந்தது. எனக்கு இறங்கவில்லை. கை கழுவப் போகிற சாக்கில் கொட்டகையின் பின்பக்கம் போனேன். அங்கே கிடங்கு ஓரமாக, உரமூட்டைகளுக்குப் பக்கத்தில், நாலைந்து பேர் குந்தி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் வயசு இருக்கும்.

“மாப்பிள்ளை வீடா அக்கா? எந்த ஊரு?”

“திருத்துறைப்பூண்டி பக்கம்.”

“அட, நமக்கு மன்னார்குடி. சாப்பிட்டீங்களா? இதைச் சாப்பிடுங்கன்னு சொல்ல முடியாது, விடியறதுக்கு முன்ன கட்டினது” என்று சிரித்தார்.

“உள்ள மேசையெல்லாம் காலியா இருக்கே?”

“அது விருந்தாளிக்கு அக்கா. சட்டம்.” யார் சட்டம் என்று அவர் சொல்லவில்லை. “இந்தப் பண்ணையில எவ்வளவு நாளா இருக்கீங்க?” என்று கேட்டேன். “பண்ணையா? நாங்க கம்பெனின்னுதான் சொல்லுவோம்” என்றார்.

அன்று மாலை அறிவு மாமாவோடு பேசினான். அண்ணன் அவனிடம் முதுகுவலி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். “டாக்டர் ஏரோப்ளேன் வேணாங்கிறாராம்மா. நீ பேசிப் பாரு” என்றான் அறிவு. பேச வேண்டியது அண்ணனிடம் இல்லை, இவர்களிடம் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையையாவது எடுக்கச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் லிட்டில் இந்தியாவில் மாலைக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். சம்பந்தி ஒரு வேலையாக முன்னாலேயே போய்விட்டார். ரயிலில் ஏறினால் நேரே போய்விடலாம், ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன் என்றார். அறிவு ஏற்றிவிட்டான். ரயில் பூமிக்குள்ளேயே ஓடியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லாரும் போனைப் பார்த்தார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

லிட்டில் இந்தியா வந்தது. எனக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சீனப் பையன் முதுகுப் பையோடு நின்றான். ‘கொஞ்சம் வழி விடுப்பா’ என்று சொன்னால் போதும். தமிழில் சொன்னாலும் நகர்ந்திருப்பான். என் வாயிலிருந்து வரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அடுத்த ஸ்டேஷனில் கூட்டமே என்னைத் தள்ளி இறக்கிவிட்டது. டோபி காட் என்று தமிழிலும் எழுதியிருந்தது. எங்கே பார்த்தாலும் ஓடும் படிக்கட்டுகள், மேலேயும் கீழேயும். ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டு சம்பந்திக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். “நகராதீங்க சம்பந்தி. தூணையும் விடாதீங்க” என்றார்.

வந்து சேர்ந்தவரிடம், “டோபின்னா வண்ணாருங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க இங்க துணி தொவச்சாங்க. ஓடை இருந்துச்சாம்.”

“அந்தப் பேரையே வச்சிட்டாங்களே.”

“வச்சா என்ன? கேக்கிறவன்ல எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும்? அர்த்தம் தெரியலேன்னா பேரு வலிக்காது” என்றார்.

அந்தப் பேச்சுதான் எனக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். லிட்டில் இந்தியாவுக்குத் திரும்பி, அங்கே தேக்கா சந்தையில் மாலைக்குச் சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தோம். சம்பந்தி ஒரு நாகூர்க்காரர் கடையில் ரொட்டி பிராட்டா என்ற பரோட்டாவும் தே தாரிக் என்ற நுரை பொங்க ஆற்றிய டீயும் வாங்கிவந்தார். இந்தப் பிராட்டாவுக்கு மீன் சால்னா ஊற்றுகிறார்கள். தேநீரில் பால்மாவு வாடை. சுற்றிலும் தமிழ்தான், நடுநடுவே மலாய், சீனம். நம்மூர்ப் பஸ்நிலையம் மாதிரி சத்தம். அந்தச் சத்தத்துக்குள் பேசுவது சுலபமாக இருந்தது.

“சம்பந்தி, பத்திரிகையில ஒரு வார்த்தையை மட்டும் மாத்திக்கலாமா?”

“எதை?”

“பண்ணைன்னு போட்டிருக்கில்ல. அதை எடுத்துட்டு… தோட்டம்னு போட்டுடலாமே. தோட்டத்தில் ஒரு திருமணம். கேக்கவும் அழகா இருக்கும்.”

சம்பந்தி கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

“தோட்டமா?”

“ஏன், நல்லா இல்லையா?”

“யாராவது சொல்லிக் குடுத்தாங்களா உங்களுக்கு?”

எனக்குப் பயமாகிவிட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பிராட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“நான் மலேசியாவுல, ஜோகூர்ல, ரப்பர் தோட்டத்துல பிறந்தவன் சம்பந்தி. அப்பா மரம் சீவினாரு. அம்மா வாளி தூக்குனாங்க. சின்னப் பிள்ளையா இங்க வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்துல என்னைக் கூப்பிட்ட பேரு என்ன தெரியுமா? தோட்டக்காட்டான். சீனன் கூப்பிடல, மலாய்க்காரன் கூப்பிடல. கூப்பிட்டதெல்லாம் நம்ம பசங்க. இன்னைக்கும் எங்க சொந்தத்துல எவனாவது தண்ணியடிச்சிட்டுச் சண்டை போட்டா அந்த வார்த்தைதான் முதல்ல வரும். கார்டுல தோட்டம்னு போட்டா எங்க அண்ணன் தம்பி ஒருத்தனும் வரமாட்டான். நானே வரமாட்டேன்.”

என் அண்ணன் சொன்னதும் இதேதான். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவமானத்திலா, ஆறுதலிலா என்று தெரியவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். களத்துமேட்டுக் கல்யாணம், அப்பா, இடுப்புத் துண்டு, அண்ணன் வரமாட்டேன் என்றது. வெளி ஆளிடம் இதைச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. முழுவதும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

அவர் கேட்டு முடித்தார். “அப்ப நீங்க…” என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். நான் நிமிரவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. “தே ஆறிப்போச்சு. வேற சொல்லவா?” என்றார்.

திரும்பும்போது ரயிலில் அவரும் மற்றவர்களைப் போலப் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா காப்பி கொடுத்தார். “சர்க்கரை போதுமா, பாருங்க” என்றார். வந்த நாளிலிருந்து வாய் நிறைய ‘அண்ணி’ என்றவர். அன்று காலை முழுவதும் அந்த வார்த்தையைக் காணோம். பாத்திரம் துலக்கிக்கொண்டே, “உங்க அண்ணன் கண்டக்டர்தானே? அவங்க சம்சாரம் எந்த ஊரு, எப்படிப்பட்ட குடும்பம்?” என்று கேட்டார். இதுவரை கேட்டிராத கேள்வி. சொன்னேன். சாயந்தரம் ‘அண்ணி’ திரும்பி வந்துவிட்டது. தானாக வந்ததா, அவர் வரவழைத்ததா என்று நான் ஆராயவில்லை. மகனுடைய புது வீடு பொங்கோலில் தயாராகும்வரை அவன் இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறான்.

ஷர்மிளாவுக்கு அவள் அப்பா சொல்லிவிட்டார். வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“அத்தை, முதல் நாளே ஏன் சொல்லல? நான் நல்லா இருக்கான்னு கேட்டேன்ல? நீங்க நல்லா இருக்குன்னீங்க.”

“நீ அவ்வளவு சந்தோஷமா காட்டினியேம்மா.”

அறிவு சுவரோரமாக நின்றான். “எங்கிட்டயும் சொல்லலியேம்மா. இத்தனை வருஷமா?” என்றான்.

அவள் கைக்கணினியை எடுத்து அந்த வரியை அழித்தாள். ‘இடம்: கிராஞ்சி’ என்று மட்டும் விட்டாள். யாமினிக்குப் போன் போட்டு, துண்டு வேண்டாம், அரிவாளும் வேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் யாமினி, “ஆனா அதான் மெயின் ஷாட் லா” என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. “நோன்னா நோ” என்று வைத்துவிட்டு, “மாமாவுக்கு வீடியோ கால் போடுங்க. நான் பேசறேன்” என்றாள்.

நம் பக்கத்துப் பெண் யாரும் அப்படிக் கேட்கமாட்டாள். அண்ணன் முகம் தெரிந்ததும் இவள் நேராக, “மாமா, நீங்க ஏன் வரமாட்டேங்கிறீங்க?” என்று கேட்டாள்.

“முதுகுவலிம்மா.”

“பொய். அத்தை எல்லாம் சொல்லிட்டாங்க.”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “சொல்லிட்டாளா? அவ பேசிட்டாளா? பரவாயில்லையே, சிங்கப்பூர் தண்ணி நல்ல தண்ணிதான்” என்றார்.

“அந்தப் பேரை எடுத்துட்டோம் மாமா. டவல் சீன் எடுத்துட்டோம். வாங்க.”

“பேரை எடுத்தா இடம் மாறிடுமா தாயி?”

“இடம் மாறாது. டெபாசிட் கட்டியாச்சு லா.”

அண்ணன் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது அண்ணன் கேட்டார்: “ஒண்ணு மட்டும் சொல்லு. அங்க வேலை பாக்கிறவங்க எங்க உக்காந்து சாப்பிடுவாங்க?”

ஷர்மிளா அறிவைப் பார்த்தாள். அறிவு அவள் அப்பாவைப் பார்த்தான். யாருக்கும் தெரியவில்லை. “அத்தை, நீங்க அன்னைக்குப் பின்னாடி போனீங்கல்ல? பாத்தீங்களா?” என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உள்ளே மேசையில்தான் என்று சொன்னால்கூட அண்ணன் நம்பியிருப்பார். நான் சொல்லி அவர் நம்பாதது எதுவும் இல்லை. மறுநாளே பையில் துணி எடுத்துவைக்க ஆரம்பித்திருப்பார். என் மகனுக்கு மாலை விழுந்திருக்கும்.

“பின்னாடிண்ணே” என்றேன். “கிடங்கு ஓரமா. தரையில. பொட்டலம்.”

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். “அப்ப பேரை மாத்தாதீங்க. சரியாத்தான் போட்டிருந்தீங்க” என்றார்.

ஷர்மிளா அன்றைக்கே யாமினியிடம் கேட்டாள். கல்யாணத்தன்று மட்டும் அவர்களையும் உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட முடியுமா என்று. யாமினி பண்ணைக்காரர்களைக் கேட்டுச் சொன்னாள். அவர்களுக்குத் தனியாகப் பிரியாணி அனுப்பலாம், அதற்குத் தடையில்லை. விருந்துக் கொட்டகைக்குள் வேலையாட்கள் உட்காரக் கூடாது. சம்பந்தி, “என்ன செய்யறது, அவங்க ரூல்ஸ்” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

மீதி நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தினமும் மழை. சம்பந்தியம்மா என்னைப் புடவைக் கடைக்குக் கூட்டிப்போனார். அறிவு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்கு அழைத்துப்போனான். கப்பல்கள் தூரத்தில் அசையாமல் நின்றன. தாத்தாவைப் பற்றிக் கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். எனக்கே கொஞ்சம்தான் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. “மாமாவக் கேக்கணும்” என்றான். அதற்கு மாமா வர வேண்டுமே என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் அண்ணன் காத்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தஞ்சாவூரைத் தாண்டினோம். வெளியே அறுத்த வயல்களில் புகை எழுந்துகொண்டிருந்தது.

“வர்றேன்” என்றார் திடீரென்று.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அவன் என்ன பண்ணுவான், பாவம். மாமன் இல்லாம நிக்கக் கூடாது. வந்து மாலையைப் போடறேன். தாலி கட்டுற மட்டும் பக்கத்துல நிக்கிறேன். சாப்பாட்டுக்கு மட்டும் பின்னாடி போயி அவங்களோட உக்காந்துக்கிறேன். பொட்டலமோ பிரியாணியோ, என்னா தர்றாங்களோ அது.”

“அண்ணே, சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?”

“நினைக்கட்டுமே.”

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

நேற்று யாமினியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. தமிழில்தான் அனுப்பியிருந்தாள். ‘ஆன்ட்டி, மணமேடைக்கு நேர் எதிரே முதல் மேசை உங்களுக்கு. பக்கத்து நாற்காலி மாமாவுக்கு. இரண்டு பேருக்கும் சைவமா, அசைவமா?’

மாமாவின் நாற்காலி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என் நாற்காலியைப் பற்றியும், அதில் உட்காரப்போகிறேனா, அண்ணனோடு பின்னால் போகப்போகிறேனா என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் உலை கொதிக்கும்போது போனை எடுத்துப் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் பதில் போடவில்லை.